இசைத்தட்டுக் கடையில் கண்ட அரங்கு

(கொல்கத்தாவில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மாதக் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டபோது, வழக்கம்போல் கம்பனிலிருந்தோ குறளிலிருந்தோ ஒரு பகுதியை எடுத்து விளக்குவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். பல்லாண்டுகளாக இம்மன்றத்தில் நான் செய்து வந்தது அதுதான். இன்று அவ்வழியை விட்டுச் சற்று விலகிச் செல்கிறேன். லண்டன் மாநகரில், இசைத்தட்டு விற்கும் ஒரு கடைக்குள், அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, நான்கு இளைஞர்கள் இசைத்த 'இண்டி ராக்' இசையைக் கேட்டேன். அந்த அனுபவமே இன்றைய பேச்சின் பொருள். இதைக் கேட்டவுடன், முன்வரிசையில் இருக்கும் என் நெடுநாள் நண்பர்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை புரிவதைக் காண்கிறேன். அவர்கள் நகைப்பது நியாயமே. அப்பயணத்திற்கு முன் வேறு எவரேனும் இத்தலைப்பில் பேச வந்திருந்தால், நானும் அவர்களுடன் சேர்ந்து நகைத்திருப்பேன்.

2023ஆம் ஆண்டு மே மாதம், என் மகனுடன் சில வாரங்கள் தங்கியிருப்பதற்காக லண்டன் சென்றிருந்தேன். அருங்காட்சியகம், பாராளுமன்றம், தேம்ஸ் நதி ஆகிய எல்லாவற்றையும் பார்த்து முடித்த பின் ஒருநாள், அலுவலகத்திலிருந்து திரும்பிய மகன், "அப்பா, நாளை மாலை ஒரு கச்சேரிக்குப் போகலாம், வருகிறீர்களா?" என்று கேட்டான். அந்நகரில் நம்மவர் நடத்தும் இசை நிகழ்ச்சிகள் உண்டென்று அறிந்திருந்தமையால், கர்நாடக இசையாகத்தான் இருக்கும் என்று எண்ணி உடனே இசைந்தேன். மறுநாள் ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போதுதான், "சபாவுக்கு இல்லை அப்பா, ஒரு கடைக்குப் போகிறோம்" என்றான். திரும்பிப் போவதற்கு எனக்கு வழி தெரியாது; ஆகவே உடன் நடந்தேன்.

நாங்கள் நடந்த தெருவின் பெயர் பிரிக் லேன். லண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ளது. முற்காலத்தில் அங்கே செங்கல் சுட்டார்கள். அதனால் வந்த பெயர். இன்று அத்தெருவின் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்திற்கு அருகே வங்க எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சில்ஹெட் பகுதியிலிருந்து சென்று குடியேறிய மக்கள் அங்கே மிகுதி. வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொல்கத்தாவில் கழித்த எனக்கு, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அவ்வெழுத்தைக் கண்டதும் ஊருக்கு வந்துவிட்டது போன்ற உணர்ச்சி உண்டாயிற்று. ஒரு பலகாரக் கடைக்காரரிடம் வங்க மொழியில் வழி கேட்டேன். என் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில், "நீங்கள் கொல்கத்தாக்காரரா?" என்றார். தமிழன் என்று அவர் கண்டுகொள்ளவில்லை. அதற்காக மகிழ்வதா வருந்துவதா என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தெருவில் ஒரு கட்டடம் இருக்கிறது. அதைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்ல வேண்டும். பிறகு அது நமக்குத் தேவைப்படும். பிரான்சு நாட்டில் சமயக் கொடுமைக்குத் தப்பி வந்து லண்டனில் குடியேறிய யூகனோ மக்கள், 1743ஆம் ஆண்டில் தம் வழிபாட்டிற்காக அதைக் கட்டினார்கள். பின்னர் அது மெதடிஸ்டு சபையாரின் கோயிலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக் கூடமாயிற்று. 1976ஆம் ஆண்டிலிருந்து மசூதியாக விளங்குகிறது. சுவர்கள் அவையே, சாளரங்கள் அவையே, உள்ளே ஒலிக்கும் மொழிதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்திருக்கிறது. வந்தேறிகளாகிய நமக்கு அக்கட்டடம் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. ஆனால் அன்று அதை நான் வியப்போடு பார்த்துவிட்டுக் கடந்து போனேனேயன்றிப் பாடத்தைக் கற்கவில்லை.

கடை, ட்ரூமன் என்ற பழைய பீர் ஆலையின் வளாகத்தினுள் இருந்தது. 'ரஃப் டிரேட் ஈஸ்ட்' என்பது அதன் பெயர். 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தால் எங்கு நோக்கினும் இசைத்தட்டு. சதுர உறைகளில் இட்டு, மரப்பெட்டிகளில் வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இளைஞரும் இளம்பெண்களும் ஏட்டுச் சுவடியைப் புரட்டுவதுபோல் ஒவ்வொரு தட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய நூல்நிலையத்தில் காணும் அமைதி அங்கே நிலவியது.

நம் ஊரார்க்கு இசைத்தட்டு புதியதன்று. கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்துதான் கௌஹர் ஜான் அம்மையாரின் குரலைப் பதிவு செய்தார். 1908ஆம் ஆண்டில் சியால்டாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. 1928ஆம் ஆண்டில் அது டம்டமுக்குப் பெயர்ந்தது. பீட்டில்ஸ் குழுவின் தட்டுகளும் இந்திய விற்பனைக்காக அங்கேதான் அச்சாயின. நம்மில் மூத்தவர்கள் பலர் ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய தட்டுக் கடைகளில் கால் கடுக்க நின்று தேடியவர்களே. ஆயினும் நாம் கடையில் தட்டு வாங்கினோம். வீட்டில் பாட்டுக் கேட்டோம். தட்டிலே பாடியவர்கள் கடைக்கே வந்து, நம் முன்னால் நின்று பாடுவார்கள் என்று நாம் கனவிலும் கருதியதில்லை. அங்கே அது வழக்கமாக இருக்கிறது.

'இண்டி' என்ற சொல்லைக் கேட்டதும், நம் நாட்டு இசையோடு ஏதோ தொடர்புடையது என்று எண்ணினேன். மகன் சிரித்துவிட்டு விளக்கினான். 'இண்டிபெண்டெண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் செல்லமாகச் சுருக்கி வழங்குகிறார்கள். தன்னுரிமை பெற்றது, பெரிய கம்பெனிகளைச் சாராதது என்பது பொருள். ராக் இசையை வெளியிடுவதற்குப் பெரும் முதல் படைத்த கம்பெனிகளின் தயவு வேண்டும் என்றிருந்த காலத்தில், எங்கள் பாட்டை நாங்களே பதிவு செய்து நாங்களே விற்போம் என்று கிளம்பிய இளைஞர்களின் முயற்சியிலிருந்து பிறந்த பெயர் அது. நாளடைவில் அப்பெயர் ஓர் இசைப் பாங்கையும் குறிக்கலாயிற்று.

அம்முயற்சியின் வரலாறு சுவையானது. மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்னும் குழுவினர், ஏறக்குறைய 500 பவுண்டு கடன் திரட்டி, 1977ஆம் ஆண்டு ஜனவரியில் தாமே ஒரு சிறு தட்டை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டவை 1,000 படிகளே. அவை விற்றுத் தீர்ந்து, மேலும் மேலும் அச்சிட நேர்ந்தது. இதைக் கண்ட பிற ஊர் இளைஞர்களும் தாமும் அவ்வாறு செய்யலாம் என்று துணிவு கொண்டார்கள். தட்டு தயாராகிவிடும், ஆனால் அதை யார் வாங்கி விற்பார்கள்? பெரிய கடைகளின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. அந்நிலையில் கைகொடுத்தவை சிறிய கடைகள். அவற்றுள் ஒன்று, 1976ஆம் ஆண்டில் ஜெஃப் டிராவிஸ் என்பவர் மேற்கு லண்டனில் தொடங்கிய ரஃப் டிரேட். யார் எந்தத் தட்டைக் கொண்டு வந்தாலும் கேட்டுப் பார்த்து, மனத்துக்குப் பிடித்தால் கடையில் வைத்து விற்றார்கள். 1978ஆம் ஆண்டில் அக்கடையாரே தட்டு வெளியிடவும் தொடங்கினார்கள். பின்னாளில் புகழ் பெற்ற தி ஸ்மித்ஸ் குழுவின் முதல் தட்டு 1983ஆம் ஆண்டில் அவர்கள் வழியாகத்தான் வெளிவந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்த இத்தகைய கடைகள் ஒன்றுகூடித் தமக்குள்ளேயே ஒரு விநியோக முறையையும் அமைத்துக்கொண்டன. ஒரு சிறு கடையின் ஒரு தட்டு இடம், ஒரு தலைமுறையின் இசைக்கே வாயிலாக அமைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நேர்கோடாக ஏறிய வரலாறன்று அது. 1991ஆம் ஆண்டில் ரஃப் டிரேடின் விநியோக நிறுவனம் கடனில் மூழ்கியது. கடை பிழைத்தது. ஏன் பிழைத்தது தெரியுமா? 1982ஆம் ஆண்டிலேயே கடையின் ஊழியர்கள் அதைத் தனியாகப் பிரித்து வாங்கிக்கொண்டுவிட்டார்கள். கடையில் நாள்தோறும் நின்று வாடிக்கையாளரோடு பேசியவர்கள் அவர்கள். கடையின் அருமையை அவர்களே அறிந்திருந்தார்கள்.

இனி அம்மாலைக்கு வருகிறேன்.

மணி ஏழு ஆனதும் ஊழியர்கள் நடுவிலிருந்த பெட்டிகளைத் தள்ளத் தொடங்கினார்கள். அவற்றின் அடியில் சிறு சக்கரங்கள் பொருத்தியிருந்ததை அப்பொழுதுதான் கவனித்தேன். ஐந்தே நிமிடத்தில் கடை அரங்காயிற்று. கோடியில் ஒரு தாழ்வான மேடை. அதன் மேல் டிரம்ஸ், இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், மைக். நாற்காலி கிடையாது. எல்லோரும் நின்றார்கள். என் முதுமையைக் கண்ட ஓர் ஊழியப் பெண் எங்கிருந்தோ ஒரு முக்காலியைக் கொண்டு வந்து கொடுத்தாள். அனுமதிச் சீட்டைத் தனியே விற்கவில்லை. அக்குழுவின் புதிய தட்டை வாங்குவோர்க்கு அனுமதியும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆகவே வந்திருந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டு இருந்தது.

இதில் ஒரு வணிக நுட்பமும் உண்டு. அந்நாட்டில் புதிய தட்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகின்றன. வெள்ளி முதல் வியாழன் வரையிலான விற்பனையைக் கணக்கிட்டு வாராந்தரப் பட்டியல் வெளியிடுகிறார்கள். பட்டியலில் இடம் பிடித்தால் குழுவுக்குப் பெயர் கிடைக்கும். ஆகவே தட்டு வெளிவரும் வாரத்தில் ஊர் ஊராகச் சென்று இத்தகைய கடைகளில் பாடுகிறார்கள். கலைஞர்க்கு விற்பனை, கடைக்கு வாடிக்கை, கேட்போர்க்கு நேர்முகக் காட்சி. மூவருக்கும் பயன்.

திரைச்சீலை உயரவில்லை, அறிமுக உரை இல்லை, பொன்னாடை இல்லை. எங்களோடு கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த நால்வர் மேடையில் ஏறினார்கள். அவர்கள்தாம் பாடகர்கள் என்பது அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது. வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. முதல் பாட்டின் முதல் அடி என்னை உலுக்கிவிட்டது. டிரம்ஸ் ஓசை காதால் கேட்பதாக இல்லை. மார்பால் கேட்பதாக இருந்தது. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்: முதல் இரண்டு பாட்டுகள் எனக்கு வெறும் இரைச்சலாகவே பட்டன. எப்பொழுது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்றாம் பாட்டில் ஒன்று நிகழ்ந்தது. பாடிக்கொண்டிருந்த இளைஞனின் கிட்டாரில் ஒரு தந்தி அறுந்தது. பெரிய அரங்கமாக இருந்தால் உதவியாளர் வேறு கிட்டாரைக் கொண்டு வந்து கொடுத்திருப்பார். நமக்கு ஒன்றுமே தெரிந்திராது. இங்கே அவனுக்கு வேறு கிட்டார் இல்லை. அவன் மேடையின் விளிம்பில் அமர்ந்து, பையிலிருந்து புதிய தந்தியை எடுத்துக் கட்டத் தொடங்கினான். டிரம்ஸ் வாசித்தவளும் பேஸ் வாசித்தவனும் பாட்டை நிறுத்தவில்லை. மிகத் தாழ்ந்த ஓசையில், தாளத்தையும் அடிநாதத்தையும் மட்டும் காத்துக்கொண்டு, அவனுக்காகக் காத்திருந்தார்கள். கூட்டம் முணுமுணுக்கவில்லை. ஏறக்குறைய எண்பது பேர், ஓர் இளைஞன் தந்தி முறுக்குவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுருதி சேர்க்கும்போது அத்தந்தி மெல்ல மெல்ல ஏறி, மற்றவர்கள் காத்து நின்ற அடிநாதத்தோடு இணைந்த அந்தக் கணத்தில், அறை முழுதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. நானும் பெருமூச்சு விட்டேன். அதற்குப் பிறகு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அன்பர்களே, சுருதி சேர்வது என்றால் என்ன என்று அறிந்தவர்கள் நாம். தம்பூராவின் முன் அமர்ந்து வளர்ந்தவர்கள். அந்நியம் என்று நான் ஒதுக்கியிருந்த இசையின் நடுவே, நமக்கு மிகவும் நெருக்கமான அந்த ஒன்று நின்றுகொண்டிருந்தது. அவர்கள் பாடிய பாட்டின் சொற்கள் பாதிதான் எனக்கு விளங்கின. ஆனால் ஒருவர் தடுமாறும்போது மற்றவர் தாளத்தை விடாமல் காப்பதும், கேட்போர் பொறுத்திருப்பதும் எந்த மொழியிலும் விளங்கக்கூடியவை. அருகில் இருந்ததால் அதை நான் கண்டேன். பத்தாயிரம் பேர் கூடும் மைதானத்தில் கடைசி வரிசையில் இருந்தால் கண்டிருக்க மாட்டேன்.

அரங்கு முக்கால் மணியில் முடிந்தது. பாடியவர்கள் மேடையிலிருந்து இறங்கி ஒரு மேசையின் பின்னால் நின்று, ஒவ்வொருவர் தட்டிலும் கையெழுத்திட்டார்கள். என் முறை வந்தபோது, அந்தத் தந்தியைப் பற்றிச் சொன்னேன். "மன்னிக்க வேண்டும்" என்றான் அந்த இளைஞன். "மன்னிப்பு எதற்கு? அன்றைய பாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான்" என்றேன். அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

இத்தகைய கடைகள் இன்று உலகில் இருப்பதே ஒரு வியப்பு. 1999ஆம் ஆண்டில் நாப்ஸ்டர் தோன்றி இணையத்தின் வழியே பாட்டு இலவசமாகப் பரவத் தொடங்கியது முதல், தட்டுக் கடைகளுக்கு இறங்குமுகம். அமெரிக்காவில் புகழோடு விளங்கிய டவர் ரெக்கார்ட்ஸ் கடைகள் 2006ஆம் ஆண்டில் மூடப்பட்டன. இங்கிலாந்தில் எச்.எம்.வி. நிறுவனம் 2013ஆம் ஆண்டில் நொடித்து, நிர்வாகிகளின் பொறுப்பில் சென்றது. அதே 2013ஆம் ஆண்டில் நம் பார்க் தெருவில் மியூசிக் வேர்ல்டு மூடப்பட்டதை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். மும்பையில் ரிதம் ஹவுஸ் 2016ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கைப்பேசிக்குள் உலகத்துப் பாட்டெல்லாம் அடங்கிய பின் கடைக்கு யார் போவார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள்.

ஆனால் தனித்து நின்ற சிறு கடைக்காரர்கள் அசையவில்லை. அமெரிக்காவில் அவர்கள் ஒன்றுகூடி, 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் 'ரெக்கார்ட் ஸ்டோர் டே' என்று ஒரு திருநாளையே ஏற்படுத்தினார்கள். அந்நாளில் கடைகளில் பாட்டு அரங்குகள் நிகழ்கின்றன. அந்நாளுக்கென்றே தனித் தட்டுகள் வெளியாகின்றன. பிற நாடுகளிலும் அது பரவிற்று. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, 1987ஆம் ஆண்டிற்குப் பின் முதன்முறையாகக் குறுந்தகடுகளின் எண்ணிக்கையை மிஞ்சியது. மாண்டுபோயிற்று என்று எல்லோரும் கைவிட்ட ஒன்று எழுந்து நடந்தது. இதற்குக் காரணம் பல சொல்வார்கள். என் சிற்றறிவுக்குப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். பாட்டு எங்கும் கிடைக்கும். ஆனால் பாடுபவனும் கேட்பவனும் ஒரே அறையில் நிற்பது எங்கும் கிடைக்காது. அந்தக் கடைகள் தட்டை மட்டும் விற்கவில்லை. நிற்க இடம் கொடுத்தன. இடம் கொடுத்த கடை நிலைத்தது.

இதுவரை சொன்னது நான் கண்டது. இனிச் சொல்லப்போவது நான் செய்தது.

2001ஆம் ஆண்டில் இச்சங்கத்தின் செயலாளராக இருந்தவன் நான். அப்பொழுது பதினெட்டு வயது நிரம்பிய நான்கு இளைஞர்கள் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். தமிழிலும் வங்கத்திலும் ஆங்கிலத்திலும் தாமே பாட்டு இயற்றி, கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு ஒரு குழு அமைத்திருப்பதாகவும், ஒரு ஞாயிறு மாலை நம் மன்றத்தில் பாட அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். இந்நகரத்திற்கு அது புதியதுமன்று. மொஹீனேர் கோராகுலி என்னும் குழு 1975ஆம் ஆண்டிலேயே வங்க மொழியில் இவ்வகை இசைக்கு வழி வகுத்திருந்தது. ஆயினும் செயற்குழு ஒருமனதாக மறுத்தது. "சங்கத்தின் மரபுக்கு ஒவ்வாது" என்று என் கையாலேயே பதில் எழுதினேன். அந்நால்வரில் இருவர் வங்காளியர், ஒருவன் மலையாளி. நான்காமவன் என் மகன்.

அவன் என்னோடு வாதாடவில்லை. அன்று முதல் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கோ ஆண்டு விழாவுக்கோ வரவில்லை. சில மாதங்களில் குழு கலைந்தது. கிட்டாரை விற்றுவிட்டான். படித்து முடித்து வெளிநாடு சென்றான். இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதில்லையே என்று இதே மேடையில் நான் எத்தனையோ முறை வருந்திப் பேசியிருக்கிறேன். வந்தவர்களுக்கு நான் எழுதிய கடிதத்தை அப்பொழுதெல்லாம் மறந்துவிட்டேன்.

அந்தக் கடையில் கூட்டம் நெருக்கியபோது, நான் விழுந்துவிடாதபடி மகன் என் முழங்கையைப் பற்றிக்கொண்டு நின்றான். பாட்டு நடந்துகொண்டிருக்கையில், அவன் விரல்கள் என் கையின் மீது அழுந்தி அழுந்தி எழுவதை உணர்ந்தேன். மேடையில் இருந்தவன் கிட்டாரில் எந்தத் தந்தியை அழுத்தினானோ அதற்கேற்ப இவன் விரல்கள் மாறின. தான் அவ்வாறு செய்கிறோம் என்பது அவனுக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும் அவ்விரல்கள் மறக்கவில்லை.

இரவு ரயிலில் திரும்பும்போது நானே அப்பேச்சை எடுத்தேன். "அன்று நான் மன்றத்தைக் கொடுத்திருக்க வேண்டும்" என்றேன். அவன் சிரித்தான். "கொடுத்திருந்தாலும் நாங்கள் மோசமாகத்தான் வாசித்திருப்போம் அப்பா" என்றான். சிறிது நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மோசமாக வாசிப்பதற்கும் ஓர் இடம் வேண்டும் இல்லையா?" என்றான். அதற்கு நான் விடை சொல்லவில்லை. இன்றைய பேச்சுதான் என் விடை.

நாம் எல்லோரும் தேர்ந்த கலைஞர்களை அழைத்து மாலையிடுகிறோம். அது நல்லதே. ஆனால் தேர்ச்சி எங்கிருந்து வருகிறது? மடியில் வைத்த கிட்டாரில் தந்தி அறுந்து, அதைக் கட்டும் வரையில் எண்பது பேர் பொறுத்திருக்கும் சிறு அறையிலிருந்து வருகிறது. அந்தப் பொறுமையை விலைக்கு வாங்க முடியாது. உறவினர் கொடுக்க வேண்டும். ஊரார் கொடுக்க வேண்டும். ஊரை விட்டு வந்தவர்க்குச் சங்கம்தான் கொடுக்க வேண்டும். பிரிக் லேனில் நான் கண்ட கட்டடத்தை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். வந்த ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் அது தன் கூரையின் கீழ் இடம் தந்தது. அதனால்தான் இடிந்து மண்ணாகாமல் இன்றும் நிற்கிறது. பழைய மொழி போய்விட்டதே என்று ஒருவர் வருந்தலாம். நம் வீட்டில் அப்படி நேர வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் தமிழில் பாடத்தான் இடம் கேட்கிறார்கள்.

ஆம், கேட்கிறார்கள். இவ்வாண்டு மீண்டும் ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. இரண்டு பெண்களும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்த ஒரு குழு, ஒரு சனிக்கிழமை மாலை முக்கால் மணி நேரம் நம் நூலகக் கூடத்தைக் கேட்கிறது. அடுத்த செயற்குழுவில் அது முடிவுக்கு வருகிறது. ஒலி மிகுதியாக இருக்கும், அண்டை வீட்டார் குறை கூறுவர் என்றும், நூலக அலமாரிகளால் கூடத்தில் இடமில்லை என்றும், இது மரபா என்றும் மூன்று தடைகள் எழுப்பப்பட்டிருப்பதாக அறிகிறேன்.

முதல் தடைக்கு: ஒலிபெருக்கியின் அளவை நாமே வரையறுக்கலாம், எட்டு மணிக்குள் முடிக்கச் சொல்லலாம், அண்டை வீட்டாரையும் அழைக்கலாம். அவர்கள் வங்காளியர், பாட்டென்றால் நம்மைவிட முன்னே வந்து அமர்வார்கள். மூன்றாம் தடைக்கு: மரபுக்கு ஒவ்வாது என்று எழுதியவனே இன்று உங்கள் முன் நின்று, அக்கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இரண்டாம் தடைக்கு நான் லண்டனிலேயே விடை கண்டுவிட்டேன். நம் நூலகத்தில் நடுக்கூடத்தை அடைத்து நிற்பவை ஆறு அலமாரிகள். தச்சரை அழைத்து அளவு பார்த்தாயிற்று. ஓர் அலமாரிக்கு நான்கு வீதம் இருபத்துநான்கு சக்கரங்கள் வேண்டும். அச்செலவை என் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறேன். தள்ளுவதற்கு ஆள் இல்லை என்றால், அன்று மாலை நானே வருகிறேன்.

என் மகனுக்கு இச்செய்தியை எழுதியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை எது என்று தெரிந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகப் பதில் எழுதியிருக்கிறான். நாளைக் குறிப்பது செயற்குழுவின் கையில் இருக்கிறது.